ஜெர்மனிக்குப் போன குங்குமம்

போன ஆயுத பூசை அன்று காலை, எங்கள் வீட்டுச் சாமி அறையில் மணைப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பலகையில் எல்லாச் சாமான்களும் வந்து உட்கார்ந்திருந்தன. என் மனைவி மரகதத்தின் றப்பர் பால் வெட்டும் கத்தி இருந்தது. றப்பர் மலையில் இருந்து அவள் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிவிட்டது, ஆனாலும் கத்தியில் ஒரு துளி துரு இல்லை. பக்கத்தில் தையல் மெஷின், அரிவாள்மனை, தேங்காய் துருவி. கடைசியில், கரும்பலகையில் எழுதிய காலத்து என்னுடைய பழைய சோக் பெட்டி.

எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி, அதன் நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். வாழைப்பழத்தில் சொருகிய ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

தையல் மெஷினுக்கும் சோக் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. நாற்பது வருடமாக அந்த இடத்தில் உட்கார்ந்த ஆள் எனக்குத் தெரியும்.

“கெமராவக் காணோமே?” என்றேன்.

“அது அலுமாரியில இருக்கட்டுங்க,” என்றாள், என்னைப் பார்க்காமல். “அது இல்லாமலே சாமி கும்பிடலாம்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மரகதத்தின் கோபத்தோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு, இரண்டு தேத்தண்ணியில் அடங்கிவிடும். இது கோபமில்லை, பயம். அந்தக் கெமராவைத் தொட அவள் பயந்தாள்.

ஏன் பயந்தாள் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சீராக வந்த பெட்டி

மரகதத்தின் அப்பா பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், ஊருக்குக் கப்பல் ஏறிய வெள்ளைக்காரத் துரை தன்னுடைய சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாராம். தோட்டக்காரருக்கு ஒரு சப்பாத்து. டிரைவருக்கு ஒரு கோட்டு. அப்புவுக்கு, அவர் வைக்கும் கோழிக்கறிக்காக, ஒரு ஜெர்மன் கெமரா.

அப்புவுக்குக் கெமராவை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரியாது. ஒரு பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். மகளுக்குக் கல்யாணம் என்று வந்தபோது பித்தளைக் குடம், இரண்டு பாய், ஒரு தையல் மெஷின், அதோடு இந்தக் கெமராவையும் சீராகக் கொடுத்தார்.

ஆகவே அது மரகதத்தின் கெமரா. இதை எழுதுவதற்கு எனக்கு நாற்பது வருடம் பிடித்திருக்கிறது.

அப்போது நான் தோட்டப் பாடசாலையில் வாத்தியார். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாளே பட்டுத் துணியைப் பிரித்தேன். கையில் எடுத்தால் ஒரு இறாத்தல் சீனியின் கனம். உள்ளே பார்த்தால் நடுவில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அந்தச் சதுரத்துக்குள் எதிரே நிற்கும் ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸில் உள்ள வளையத்தை மெதுவாகத் திருப்பினால் இரண்டு ஆளும் நகர்ந்து நகர்ந்து ஒன்றாகச் சேருவார்கள். சேர்ந்த இடத்தில் அமுக்கினால் படம் துல்லியமாக விழும். வேறு சூத்திரம் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து புளத்கொகுபிட்டியைச் சுற்றியுள்ள ஏழெட்டுத் தோட்டங்களுக்கு நான்தான் போட்டோக்காரன். சனி ஞாயிறு கல்யாணம், சடங்கு, காது குத்து. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மட்டும் எத்தனை பேர் வந்திருப்பார்கள். என்னிடம் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. மெலிந்தவர், பருத்தவர் எல்லாரும் அதையே மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். பருத்தவருக்குப் பின்பக்கம் பிரிந்து கிடக்கும், முன்னால் தெரியாது. இன்றைக்கும் எங்கள் பக்கத்து லயத்து வீடுகளில் மாலை போட்டுத் தொங்கும் படங்களில் பாதிப் பேர் என்னுடைய கோட்டோடுதான் சாமியாகியிருக்கிறார்கள்.

மரகதம் ஆரம்பத்தில் இரண்டொரு தடவை கேட்டாள். “நான் ஒன்னு எடுத்துப் பாக்கட்டுங்களா?”

“பிலிம் வேஸ்ட்டாப் போகும்,” என்றேன்.

அப்புறம் அவள் கேட்கவில்லை. அவளுடைய சாமானை அவள் கையில் கொடுக்காமல் இருக்க நான் சொன்ன காரணம் அவ்வளவுதான். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வருடத்தில் ஒரே ஒரு நாள் அது அவள் கைக்குப் போகும். ஆயுத பூசையன்று. துடைத்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்துப் பலகையில் உட்கார வைப்பாள். ஆனால் பூசையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக் கூடாது என்பது வழக்கம். அதாவது கெமரா அவள் கையில் இருக்கும் ஒரே நாள், யாரும் படம் எடுக்கக் கூடாத நாள்.

கூடம் கோணல்

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சின்னச் சதுரம் மங்கத் தொடங்கியது. முதலில் சாயந்தர வெளிச்சத்தில் மட்டும். அப்புறம் நல்ல வெயிலிலும். இரண்டு ஆள் ஒன்றாகச் சேர்ந்தார்களா இல்லையா என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்க ஆரம்பித்தேன்.

வயதாகிவிட்டது, கண் போய்விட்டது என்று நினைத்தேன். மூன்று தடவை மூக்குக்கண்ணாடி மாற்றினேன். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கண்ணைப் பரிசோதித்த டொக்டர் அம்மா சிங்களத்தில், “மாமா, இந்த வயசுக்கு உங்களுக்கு நல்ல கண்,” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் கல்யாணம் வந்தது. ஆளாளுக்கு போன் வைத்திருந்தாலும், “மாஸ்டர்தான் எடுக்கணும்” என்று அவள் ஒரே பிடிவாதம். மூன்று ரோல் எடுத்தேன். கழுவி வந்தபோது தாலி கட்டும் படம் உட்பட ஒன்றுகூடத் தெளிவில்லை. எல்லாம் பனிக்குள் நின்று எடுத்ததுபோல.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “பரவாயில்லைங்க மாஸ்டர், அழகா இருக்கு,” என்றது. திட்டியிருக்கலாம்.

அன்றோடு கெமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சனி ஞாயிறு வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நிற்பேன். மரகதம் தட்டில் சோற்றை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்த ஐந்து வருடமும் ஆயுத பூசைக்கு மட்டும் கெமரா வெளியே வந்தது. முன்பைவிட அழுத்தமாகப் பொட்டு வைத்தாள். “அவரு கண்ண திருப்பிக் குடு சாமி,” என்று முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

நவாஸின் கடை

கடைசியில், கெமராவிலேயே பழுது இருக்கலாம் என்ற அவளுடைய நச்சரிப்பில்தான் கெமராவைக் கரவனெல்லையில் உள்ள நவாஸிடம் கொண்டுபோனேன். நவாஸ் மணிக்கூடு திருத்துகிறவர், என் பழைய சிநேகிதர்.

“மாஸ்டர், நான் மணிக்கூடு பாக்குற ஆள்,” என்றார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. “இதத் தொறந்து பழுதாக்கினா அக்கா என்ன ஏசுவா. வெச்சிட்டுப் போங்க, யாருக்காவது தெரியுமான்டு கேட்டுப் பாக்கிறன்.”

அவருடைய கடைக் கண்ணாடி அலுமாரியில் அது ஒரு மாதம் கிடந்தது. கித்துல்கலயில் படகு விட வந்த ஒரு ஜெர்மன் பெண்மணி, ஆற்றுத் தண்ணீர் புகுந்த கைக்கடிகாரத்தோடு நவாஸின் கடைக்கு வந்தார். உர்சுலா என்று பெயர். கடிகாரத்தைக் கொடுக்க வந்தவர் கெமராவைக் கண்டதும் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

நவாஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உர்சுலா சொன்ன சங்கதியை என்னால் முதலில் நம்ப முடியவில்லை. இதைச் செய்த கம்பெனி இன்னும் இருக்கிறதாம். எத்தனை பழைய கெமராவாக இருந்தாலும் செய்த இடத்துக்கே திரும்பப் போனால், பிரித்துத் துடைத்துத் தருவதோடு நிற்காமல், பிந்தி வந்த மொடலின் கண்ணையும் இந்தப் பழைய உடம்பில் பொருத்தி, தரம் உயர்த்தி அனுப்புவார்களாம். உடம்பு அதே உடம்பு, நம்பரும் அதே நம்பர். பக்கத்தில் சின்னதாக ஒரு குறி மட்டும் வெட்டுவார்களாம். தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னார்.

செலவு எவ்வளவு என்று மரகதத்திடம் ஒரு தொகை சொன்னேன். எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான் சரியான தொகை.

கம்பெனிக்கு அனுப்பும் படிவத்தை நவாஸின் கடையில் வைத்துத்தான் நிரப்பினேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதத் தொடங்கியபோது நவாஸ் எட்டிப் பார்த்தார்.

“இது அக்காட சீதனம் தானே மாஸ்டர்?”

“ரெண்டும் ஒன்னுதான்,” என்று சொல்லி எழுதி முடித்தேன்.

வழியனுப்பும்போது மரகதம் அதே பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். “செஞ்சவங்ககிட்டயே போயி நல்லாயிட்டு வா,” என்று கெமராவிடம் சொன்னாள். அப்புறம் என்னிடம், “நம்மளையும் இப்படி அனுப்ப முடியும்னா, மொதல்ல ஒங்க முழங்காலத்தான் அனுப்புவேன்,” என்றாள்.

ஒரு கடிதமும் ஒரு பொட்டலமும்

ஆறேழு மாதம் கழித்து, உர்சுலாவின் தோழி ஒருவர் மூலம் கெமரா வந்து சேர்ந்தது. கூடவே ஐந்து பிலிம் ரோல், அது உர்சுலாவின் அன்பளிப்பு. வாசலில் நின்று கண்ணில் வைத்தேன். சதுரம் பளிச்சென்று இருந்தது. எதிரே மிளகுக் கொடியில் ஒரு இலை இரண்டு இலையாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினேன், சேர்ந்தது. கண் போகவில்லை. அந்த நிமிடம் அழுதுவிட்டேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

பெட்டியில் ஒரு கடிதமும் இருந்தது. ஆங்கிலத்தில், வெகு மரியாதையாக எழுதியிருந்தார்கள். லென்ஸுக்கு மேலே உள்ள சின்ன ஜன்னலின் விளிம்பு வழியாகச் சிவப்பு நிறத் தூள் ஒன்று பல வருடமாக உள்ளே இறங்கி, கண்ணாடிகளில் படிந்திருந்தது. மங்கியதற்குக் காரணம் அதுதான். எங்கள் தொழிலாளர்கள் இப்படி ஒன்றை இதற்கு முன் கண்டதில்லை, அது என்ன என்று அறிய ஆவலாக இருக்கிறோம். கழற்றிய பழைய பாகங்களைத் தனியாக ஒரு பொட்டலத்தில் வைத்திருக்கிறோம்.

பொட்டலத்தைப் பிரித்தேன். நகத்தின் அளவில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் ஓரமெல்லாம் குங்குமம்.

எனக்கு விளங்கிவிட்டது. கெமராவை முன்னாலிருந்து பார்த்தால் லென்ஸ் ஒரு முகம் மாதிரி. அதற்கு மேலே, நெற்றி இருக்கும் இடத்தில், அந்தச் சின்ன ஜன்னல். சதுரத்துக்குள் இரண்டாவது ஆளைக் காட்டுவது அதுதான். பொட்டு வைக்கிறவள் வேறு எங்கே வைப்பாள்? ஈரச் சந்தனத்தின் நடுவில், நாற்பது வருடம், ஜன்னலின் மேலேயே வைத்திருக்கிறாள். மறுநாள் சேலைத் தலைப்பால் துடைத்தபோது மேலே இருந்தது போனது, ஓரத்தில் இருந்தது உள்ளே போனது. என் கண்ணுக்காக அழுத்தி வைத்த பொட்டுத்தான் என் கண்ணை மறைத்திருக்கிறது.

இதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “சரியாக்கி அனுப்பிட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, கடிதத்தையும் பொட்டலத்தையும் அகராதிக்குள் ஒளித்து வைத்தேன். எங்கள் வீட்டில் அகராதியைத் திறக்கிறவன் நான் ஒருவன்தான்.

ஆனால் நவாஸிடம் சொல்லியிருந்தேன். அங்கேதான் பிசகியது.

பெருநாள் இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுவந்த நவாஸ், வாசற்படியில் கால் வைக்கும்போதே சிரித்துக்கொண்டு, “அக்கா, ஒங்கட பொட்டு ஜெர்மனி பாத்துட்டு வந்தீக்கி, தெரியுமா?” என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். மரகதம் என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது.

“எடுத்துட்டு வாங்க,” என்றாள்.

கண்ணாடித் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். நவாஸ் வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“அஞ்சு வருசம்,” என்றாள் மெதுவாக. “சோறு எறங்காம ஒக்காந்திருந்தீங்க. அந்தப் புள்ளைட கல்யாணப் படம் எல்லாம் போச்சு. எல்லாம் நான் செஞ்சதா?”

“கமக் நே, மரகதம்,” என்றேன் சிங்களத்தில். பரவாயில்லை என்று தமிழில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கல்யாணப் பிள்ளை சொன்ன சொல் அது.

அன்றிலிருந்து அவள் கெமரா இருக்கும் அலுமாரிப் பக்கமே போகவில்லை. துடைக்கக்கூட இல்லை.

காலி இடம்

ஆகவே ஆயுத பூசையன்று அந்த ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது.

நானே போய்க் கெமராவை எடுத்துவந்து நடுவில் வைத்தேன். “பொட்டு வை,” என்றேன்.

“வேணாங்க.”

“இது ஒன்னோட கெமரா. ஒங்கப்பா ஒனக்குக் குடுத்தது. ஒரு தடவ சரி ஒன் கையில குடுத்திருந்தா, ஒரு தடவ சரி நீ உள்ள பாத்திருந்தா, அது எந்த ஜன்னலுன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் குடுக்கல. பொட்டு நீ வச்ச, குத்தம் நான் செஞ்சேன்.”

நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாய். இந்தப் பாடத்தை அன்றைக்குத்தான் ஒப்பித்தது.

மரகதம் குங்குமச் சிமிழில் விரலை வைத்தாள். கெமராவின் பக்கம் விரல் போகுமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேரே என் நெற்றிக்கு வந்தது.

“இந்தப் பழைய சாமானுக்கு வச்சா ஒன்னும் பழுதாகாது,” என்றாள்.

சிரித்தாள்தான். ஆனாலும் கெமராவை அவள் தொடவில்லை. அது பொட்டில்லாமலே அன்றைய பூசையைப் பார்த்தது.

மறுநாள்

மறுநாள் விஜயதசமி. ஓய்வு பெற்ற பிறகும் ஏடு தொடக்க என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு மூன்று பிள்ளைகள். தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்து அனுப்பினேன்.

எல்லாரும் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. புதிய வித்தை தொடங்க வேண்டிய நாள், தட்டும் இருக்கிறது, அரிசியும் இருக்கிறது. கெமராவை எடுத்துவந்து அரிசியின் மேலேயே வைத்தேன். “மரகதம், இங்க வா, ஒனக்கு ஏடு தொடக்கப் போறேன்,” என்றேன்.

குசினியிலிருந்து வந்தவள் தட்டைப் பார்த்தாள். அடுத்த நொடி பாய்ந்து வந்து கெமராவை இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள்.

“ஒங்களுக்கு அறிவிருக்கா? அரிசித் தூசி உள்ள போறதுக்கா? ஒரு தடவ பட்டது போதாதா?”

ஊதினாள். முந்தானையால் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டு, உள்ளங்கையால் தட்டினாள். அப்புறம்தான் தன் கையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. தந்திரம் செய்து அவள் கையில் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது என் மடத்தனம்.

“கீழ வைக்காத,” என்றேன். “கண்ணுல வச்சுப் பாரு.”

வைத்தாள். நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

“ரெண்டு பேரா தெரியுறீங்க.”

“வளையத்தத் திருப்பு. ரெண்டும் ஒன்னாச் சேரணும்.”

எனக்கு அந்தக் கணக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. றப்பர் மரத்தின் பட்டையில் வெட்டு மயிரிழை கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. முப்பத்தைந்து வருடம், விடியற்காலை இருட்டில், நாளுக்கு இருநூறு முந்நூறு மரம் அப்படி வெட்டிய கை அது. வளையம் அவள் விரலில் நின்ற விதத்தைப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் இந்தக் கையையா வேண்டாமென்று சொன்னோம் என்று நினைத்தேன்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஆடாதீங்க,” என்றாள் மரகதம். “பிலிம் வேஸ்ட்டாப் போகும்.”

அமுக்கினாள்.

ரோல் கொழும்புக்குப் போய்க் கழுவி வர ஒரு மாதம் ஆனது. அந்தப் படத்தில் என் வாய் பாதி திறந்திருக்கிறது. சட்டையின் இரண்டாவது பொத்தான் அறுந்திருக்கிறது. குளித்தும் போகாத குங்குமக் கறை நெற்றியில் அப்படியே தெரிகிறது. அதன் ஒவ்வொரு பொடியையும் எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

இந்தத் தொடரின் தலைப்புக்குப் பக்கத்தில் இத்தனை வாரமாக வரும் என் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்புக் கோட்டோடு, நானே கெமராவை மேசையில் வைத்து எடுத்துக்கொண்டது. இந்த வாரம் அதை எடுத்துவிட்டு மேலே சொன்ன படத்தைப் போடும்படி பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். வாய் திறந்திருந்தால் திறந்திருக்கட்டும். கீழே ‘படம்: மரகதம்’ என்று, வாசிக்கக்கூடிய எழுத்தில் போட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.